கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்கிறான் என் மகன். இதை எப்படிச் சோதிப்பது?

பிறை அம்மா
சனிக்கிழமை, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்ததோடு சரி, இங்கே எதுவும் எழுதியதில்லை. இன்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

என் மகனுக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. போன வருடக் கடைசியில் கணிதத்தில் ரொம்பவும் பின்தங்கிவிட்டான். அந்தச் சமயத்தில் பட்டர்வொர்த்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் 'நடுமூளைப் பயிற்சி' என்று ஓர் அறிமுகக் கூட்டம் நடந்தது. நடுமூளையைத் 'திறந்துவிட்டால்' பிள்ளை கண்ணில்லாமலேயே பார்க்கும் என்றார்கள். மேடையில் ஆறு பிள்ளைகள். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். கையில் வண்ண அட்டையைக் கொடுத்தால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, விரலால் தடவி, "சிவப்பு", "பச்சை" என்று சரியாகச் சொன்னார்கள். இரண்டு நாள் வகுப்புக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்). என் கணவர் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு அது.

இப்போது என் மகனும் சொல்கிறான். நிறம் சொல்கிறான், பெரிய எழுத்தில் இருந்தால் எண்களும் வாசிக்கிறான். கணிதத்தில் 41 எடுத்தவன் இந்தத் தடவை 58 எடுத்திருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் அவனை அழைத்துச் செய்துகாட்டச் சொல்வார்.

போன வாரம் ஓர் இரவு எங்கள் குடியிருப்பில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தபோது மாமியார் விளையாட்டாக, "நீதான் கண்ணே இல்லாமல் பார்ப்பாயே, இது என்ன நிறம் சொல்" என்று ஓர் அட்டையைக் கொடுத்தார். அவனால் முடியவில்லை. மூன்று தடவை தப்பாகச் சொன்னான். அப்புறம் அழுதான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "பொய் சொல்கிறாயா" என்று அவனிடம் கேட்க மனம் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. பிள்ளையைக் காயப்படுத்தாமல் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?


கெப்போங் அப்பா
சனிக்கிழமை, இரவு 10.25

சகோதரி, அவசரப்பட வேண்டாம். என் மகளும் இது போன்ற வகுப்புக்குப் போனாள், வேறு நிறுவனம். நிறம் சொல்வதை விடுங்கள், அவளுடைய கவனம் எவ்வளவோ மாறிவிட்டது. முன்பெல்லாம் ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள். இப்போது வீட்டுப்பாடம் முடியும் வரை எழுந்திருப்பதில்லை. இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். சோதனை என்று ஆரம்பித்து, பிள்ளைக்கு வந்திருக்கும் தன்னம்பிக்கையை உடைத்துவிடாதீர்கள்.


செந்தூல் வாசகன்
ஞாயிற்றுக்கிழமை, காலை 7.10

அக்கா, நான் உளவியல் படித்தவன். இப்போது கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக் குழுவில் தரவு சேகரிக்கும் வேலை. உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்ட வேண்டாம். இப்படிப்பட்ட இடத்தில் பொய்க்கும் உண்மைக்கும் நடுவே நிறைய இடம் உண்டு. உளவியலில் அதற்கு ஒரு குதிரையின் கதையைச் சொல்வார்கள்.

1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வளர்த்தது. கூட்டல், கழித்தல், பின்னம் எது கேட்டாலும் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். அவர் அதை வைத்துக் காசு பண்ணவில்லை, மனதார நம்பினார். 1904இல் ஒரு குழு வந்து பார்த்தது. அதில் சர்க்கஸ் நடத்துபவரும் இருந்தார், விலங்குக் காட்சிசாலையின் தலைவரும் இருந்தார். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உண்மையிலேயே ஏமாற்று இல்லைதான்.

அதற்குப் பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் வந்தார். அவர் மாற்றியது சின்ன விஷயம். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். உடனே குதிரை தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாமல் மறைத்தபோதும் தடுமாறியது. ஹான்ஸ் கணக்குப் போடவில்லை. எண்ணிக்கை சரியான இடத்தை நெருங்கும்போது கேட்பவரின் தலையும் உடம்பும் தன்னை அறியாமல் மிக லேசாக அசையும். அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியது. இந்த ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் உடம்பின் அசைவை முழுவதும் அடக்க முடியவில்லையாம். 1907இல் அவர் இதை நூலாக வெளியிட்டார்.

அங்கே யார் பொய் சொன்னார்கள்? யாருமே இல்லை. ஆனாலும் குதிரைக்குக் கணக்குத் தெரியாது. அட்டையைப் பிடித்திருக்கும் பாட்டிக்கு அது நீலம் என்று தெரியும். பேரன் "ப..." என்று தொடங்கும்போது பாட்டியின் மூச்சு கொஞ்சம் மாறினால் போதும். இதோடு துணிக்கட்டையும் சேர்த்துப் பாருங்கள். மூக்குத் தண்டின் இரு பக்கமும் சின்ன இடைவெளி இருக்கும். கீழ்நோக்கிப் பார்த்தால் அட்டையின் ஓரம் தெரியும். அதனால்தான் பிள்ளைகள் அட்டையை மூக்கருகே கொண்டுபோகிறார்கள். இதுவும் புதிதல்ல. 1960களில் சோவியத்தில் ரோசா குலெஷோவா என்ற பெண் விரலால் நிறம் பார்க்கிறார் என்று உலகமே பேசியது. மூக்கோரம் எட்டிப் பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மார்ட்டின் கார்ட்னர் 1966இல் ஓர் அறிவியல் இதழில் விளக்கி எழுதினார். மேஜிக் செய்பவர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த வித்தை அது.

உங்கள் வீட்டில் கரண்ட் போன இரவு தானாக நடந்த ஒரு சோதனை. வெளிச்சம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டோம், திறமையும் போய்விட்டது. உண்மையான சோதனையை இதைவிட ஒழுங்காகச் செய்யலாம். மாலையில் எழுதுகிறேன்.


ஆயர் ஈத்தாம் டீச்சர்
ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த 41, 58 பற்றிச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் பிள்ளையை இது மாதிரி வகுப்பில் எப்போது சேர்க்கிறார்கள்? மதிப்பெண் ரொம்பக் கீழே போன பிறகு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் 1,800 வெள்ளி கட்டுவதில்லை. ஒரு பிள்ளை வழக்கமாக 55 எடுப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பரீட்சையில் காய்ச்சல், பயம், தெரியாத கேள்வி எல்லாம் சேர்ந்து 41 வந்துவிடுகிறது. அடுத்த தடவை எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே அவன் 55 பக்கம் திரும்புவான். நடுவில் எது செய்திருந்தாலும், டியூஷனோ தாயத்தோ, பெயர் அதற்குப் போய்விடும்.

19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆய்வாளர் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து இதைக் கவனித்தார். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று சொல்வார்கள். டேனியல் கானமன் என்ற உளவியலாளர் இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்றுநர்களிடம் இதையே பார்த்தார். பாராட்டினால் அடுத்த தடவை மோசமாக ஓட்டுகிறான், திட்டினால் நன்றாக ஓட்டுகிறான், எனவே திட்டுதான் வேலை செய்கிறது என்றார்களாம். மிக நன்றாக ஓட்டிய நாளுக்கு அடுத்த நாள் கொஞ்சம் இறங்கும், மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் கொஞ்சம் ஏறும். பாராட்டும் திட்டும் நடுவில் வந்து நின்றன, அவ்வளவுதான். நானும் பல வருடம் அப்படி நம்பித்தான் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தங்கச்சி, உங்கள் மகனின் மூன்றாம் ஆண்டு மதிப்பெண்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள். 41 அவனுடைய வழக்கமா, ஒரு தடவை நடந்த சறுக்கலா?

இன்னொன்று. நடுமூளையை யாரும் 'திறக்க' வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவது, சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவது, இவற்றில் எல்லாம் அதற்குப் பங்கு உண்டு. பிறந்த குழந்தைக்கே அது வேலை செய்கிறது. பார்க்கின்சன் நோயில் பழுதாகும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன.


கெப்போங் அப்பா
ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.05

டீச்சர், மரியாதையோடு கேட்கிறேன். மதிப்பெண் தானாக ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். என் மகள் உட்கார்ந்து படிக்கிறாளே, அதுவும் தானாக வந்ததா? அந்த மாற்றத்தை நான் கற்பனை செய்துகொள்ளவில்லை.


செந்தூல் வாசகன்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.50

அண்ணா, மாற்றம் உண்மையாகவே இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மாற்றம் நடந்ததா என்பது ஒன்று. அந்த வகுப்பால்தான் நடந்ததா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு அளக்க வேண்டும். 'கவனம்' என்பதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக அதை மாற்றிச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, வீட்டுப்பாட நேரத்தில் நாற்காலியை விட்டு எத்தனை தடவை எழுந்தாள் என்று எண்ணலாம். எங்கள் குழுவில் வகுப்பறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பிட்ட விநாடிக்கு ஒரு தடவை, பிள்ளையின் பார்வை புத்தகத்தில் இருக்கிறதா என்று குறிப்போம். இரண்டு பேர் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் குறிப்போம். பிறகு இரண்டு தாளையும் ஒப்பிடுவோம். தற்செயலாகவே சில இடங்கள் ஒத்துப்போகும் அல்லவா, அதைக் கழித்துப் பார்க்கும் கணக்கை ஜேக்கப் கோஹென் 1960இல் கொடுத்தார். இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் குறை பிள்ளையிடம் இல்லை, எங்கள் வரையறையில்தான் என்று திரும்ப எழுதுவோம்.

ஒத்துவந்தால் மட்டும் போதாது. பசாரில் மீன் விற்பவரின் தராசு ஒவ்வொரு தடவையும் 200 கிராம் கூடுதலாகக் காட்டினால் அது நிலையாக இருக்கிறது, நம்பகமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சரியான எடையைக் காட்டவில்லை. அதேபோல், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக் கனவு காணும் பிள்ளையும் என் தாளில் 'எழவில்லை' என்றுதான் பதிவாகும்.

இரண்டாவது கேள்விதான் கடினம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு வீட்டில் பயிற்சி செய்யச் சொல்லியிருப்பார்களே, அதை யார் செய்ய வைத்தது?


கெப்போங் அப்பா
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.15

நான்தான். தினமும் இரவு இருபது நிமிடம். டிவியை அணைத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அவளோடு உட்காருவேன். அதற்கு முன்பு வேலை முடிந்து வந்தால் நான் அவளிடம் பேசுவதே குறைவு.

நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது.


செந்தூல் வாசகன்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.00

அதேதான் அண்ணா. கண்கட்டு, டிவி இல்லாத வீடு, அப்பாவின் இருபது நிமிடம், மூன்றும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. எது வேலை செய்தது என்று உங்கள் வீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வில் என்ன செய்வார்கள் என்றால், இருபது பிள்ளைகள் இருந்தால் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்தாகப் பிரிப்பார்கள். ஒரு பக்கம் அப்பாவோடு இருபது நிமிடம் கண்கட்டுப் பயிற்சி. இன்னொரு பக்கம் அப்பாவோடு இருபது நிமிடம் பல்லாங்குழி. எதுவுமே செய்யாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அப்பாவின் நேரத்துக்குச் சேர வேண்டிய பெயர் கண்கட்டுக்குப் போய்விடும். அதனால்தான் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு அன்பும் நேரமும் கொடுக்க வேண்டும்.

குலுக்கல் ஏன் என்றால், பெற்றோரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் அக்கறையும் வசதியும் உள்ள பெற்றோர் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடுவார்கள். வகுப்புக்குப் போன பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று விளம்பரத்தில் போடுவது இந்த வகைதான். அதோடு மேடை ஏற்றுவது நன்றாகச் செய்த ஆறு பேரைத்தான். செய்ய முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அந்த மண்டபத்தில் யாரும் சொல்வதில்லை.


தண்ணீர்மலை அடியார்
திங்கட்கிழமை, காலை 6.30

எல்லாவற்றையும் அளந்து பார்க்கலாம் என்கிறீர்கள். நான் பினாங்குத் தைப்பூசத்தில் ஒன்பது வருடம் அலகு குத்திக் காவடி எடுத்தவன். அந்த நேரத்தில் வலி தெரியாது. அதையும் கண்கட்டு வித்தை என்று சொல்லிவிடுவீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


செந்தூல் வாசகன்
திங்கட்கிழமை, மதியம் 1.20

ஐயா, கேட்டதற்கு நன்றி. காவடியை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மொரிஷியஸ் தீவில் நம் ஆட்களிடம், தைப்பூசத்தில். டிமிட்ரிஸ் சிகலாடாஸும் அவருடைய குழுவும் 2013இல் வெளியிட்டார்கள்.

முருகன் அருள் உண்மையா என்று அவர்கள் கேட்கவில்லை. அது அவர்களால் அளக்கக்கூடியது அல்ல, அந்த எல்லையை அவர்கள் மதித்தார்கள். அவர்கள் கேட்டது வேறு. கடுமையான சடங்கில் பங்கெடுத்தவர்கள் பிறருக்குக் கொடுப்பதில் மாற்றம் இருக்கிறதா? சடங்கு முடிந்து வருபவர்களிடம் சில கேள்விகள் கேட்டு, அதற்குச் சன்மானமாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். வெளியே போகும் வழியில், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி கோயிலுக்குக் காணிக்கை போடலாம். அதே பண்டிகையில் வெறும் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். காவடியோடு கூடவே நடந்து வந்தவர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். வலி எவ்வளவு என்று யார் அதிகமாகச் சொன்னார்களோ அவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. வேண்டுதலைச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுக்க முடியாது. காவடி எடுக்க முன்வருபவர்கள் தொடக்கத்திலேயே வேறு மாதிரி மனம் கொண்டவர்களாக இருக்கலாம். களத்தில் செய்யும் ஆய்வில் இந்தச் சிக்கல் எப்போதும் இருக்கும்.

உங்கள் அனுபவத்தைப் பொய் என்று எந்த ஆய்வும் சொல்ல முடியாது ஐயா. 'எனக்கு வலி தெரியவில்லை' என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. 'என் மகன் கண் இல்லாமல் நிறம் பார்க்கிறான்' என்பது அப்படி அல்ல. அது வெளியே நின்று யாரும் சரிபார்க்கக்கூடிய பேச்சு, அதற்கு ஒருவர் 1,800 வெள்ளியும் வாங்கியிருக்கிறார்.


தண்ணீர்மலை அடியார்
திங்கட்கிழமை, மாலை 5.45

சரி, ஏற்றுக்கொள்கிறேன். கூட நடந்தவர்களும் அதிகம் கொடுத்தார்கள் என்பது எனக்கு வியப்பாக இல்லை. நான் காவடி எடுத்தபோதெல்லாம் என் தம்பிதான் பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வருவான். என்னைவிட அவன்தான் அதிகம் அழுவான்.


இறுதியாண்டு மாணவி
திங்கட்கிழமை, இரவு 9.30

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணா. நான்கு நிற அட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சிலது சரியாக வருமே. எத்தனை சரியாக வந்தால் 'இது ஊகம் இல்லை' என்று சொல்லலாம்? வகுப்பில் 0.05 என்று மனப்பாடம் செய்துவிட்டேன். அது எங்கிருந்து முளைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.


செந்தூல் வாசகன்
திங்கட்கிழமை, இரவு 10.40

தங்கச்சி, இதற்கு ஒரு தேநீர்க் கதை இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வேலை பார்த்தார். அங்கே ஒரு பெண், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். பின்னால் 1935இல் ஃபிஷர் தன் நூலில் இதையே எடுத்துக்காட்டாக வைத்தார். எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கி வைக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. அதில் ஒன்றுதான் முழுக்கச் சரி. வெறும் ஊகத்தில் நான்கும் சரியாக வருவது 70இல் ஒரு தடவை. அது நூற்றுக்கு ஒன்றரைக்கும் கொஞ்சம் குறைவு, ஆகவே ஏதோ திறமை இருக்கிறது என்று நினைக்கலாம். நான்கில் மூன்று சரியாக வந்தால்? அப்படி வருவதற்கு 16 வழிகள். முழுக்கச் சரியானதையும் சேர்த்தால் 70இல் 17. ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை ஊகத்திலேயே வந்துவிடும். எனவே மூன்று சரி என்பது எதையும் காட்டாது. நீங்கள் மனப்பாடம் செய்த 0.05 இந்த வகைக் கணக்கில் போட்ட ஒரு கோடுதான். நூற்றுக்கு ஐந்து தடவைக்கும் குறைவாகத்தான் ஊகத்தில் வரும் என்றால் கவனிக்கலாம் என்று பழக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது.

அட்டைக்கு வருவோம். நான்கு நிறம், 20 தடவை. ஊகத்தில் சராசரியாக 5 சரியாக வரும். 9 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றுக்கு 4 தடவை. இதை இன்னொரு பக்கமாகவும் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளைச் சோதித்தால் எந்தத் திறமையும் இல்லாமலேயே சராசரியாக ஒரு பிள்ளை 9ஐத் தொட்டுவிடும். அந்தப் பிள்ளையை மட்டும் மேடை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.


கெப்போங் அப்பா
செவ்வாய்க்கிழமை, காலை 8.00

வகுப்பில் ஒன்று சொன்னார்கள். சந்தேகத்தோடு சோதித்தால் பிள்ளைக்குச் சக்தி வராதாம். இதற்கு என்ன பதில் சொல்வது?


ஆயர் ஈத்தாம் டீச்சர்
செவ்வாய்க்கிழமை, காலை 10.15

வந்தால் சக்தி, வராவிட்டால் சந்தேகத்தின் குற்றம். எப்படி முடிந்தாலும் தோற்காத பேச்சு அது தம்பி. எது நடந்தால் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லாத பேச்சு அறிவியலாகாது என்று கார்ல் பாப்பர் என்ற தத்துவஞானி எழுதினார். என் அம்மா படிக்காதவர், ஆனால் குறி சொல்பவரிடம் இதே கேள்வியைக் கேட்பார்.

சோதிப்பவரின் எண்ணம் பிள்ளையைப் பாதிக்கும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ராபர்ட் ரோசன்தால் 1963இல் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, இவை புத்திசாலி எலிகள், இவை மந்த எலிகள் என்றார். எல்லாம் ஒரே மாதிரி எலிகள்தான். 'புத்திசாலி' எலிகள் புதிர்ப்பாதையில் வழியை வேகமாகக் கற்றுக்கொண்டதாகக் கணக்கு வந்தது. 1968இல் அவரும் லெனோர் ஜேக்கப்சனும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே போன்ற ஒன்றைச் செய்தார்கள். அந்தப் பள்ளி ஆய்வின் அளவீடுகள் பற்றிப் பிறகு பலர் கேள்வி எழுப்பினார்கள், விளைவு முதலில் சொன்ன அளவு பெரிதில்லை என்பது இன்றைய கருத்து. ஆனால் சந்தேகத்துக்கு மருந்து சோதனையை நிறுத்துவது அல்ல. சோதிப்பவருக்கே விடை தெரியாமல் செய்வது.


செந்தூல் வாசகன்
செவ்வாய்க்கிழமை, மதியம் 12.50

டீச்சர் சொன்னதுதான் வழி. நல்ல ஆய்விலும் கண்ணைக் கட்டுவார்கள், ஆனால் கட்டுவது சோதிப்பவரின் கண்ணை.

பிறை அக்கா, வீட்டிலேயே செய்யலாம். முதலில் மகனிடம் சொல்லுங்கள், இது உன்னைப் பிடிக்க அல்ல, நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கப் போகிறோம் என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துங்கள். பெரிய ஆய்வுகளில்கூடப் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதத்தையும் கேட்பார்கள். 1920இல் ஜான் வாட்சன் ஒரு கைக்குழந்தையைப் பயமுறுத்திப் பயம் எப்படி உண்டாகிறது என்று காட்டினார், அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார். அந்த ஆய்வை இன்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது 'இப்படிச் செய்யாதே' என்றும் சேர்த்தே சொல்வார்கள்.

அப்புறம், எத்தனை சரியாக வந்தால் என்ன அர்த்தம் என்று தொடங்கும் முன்பே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது. முதல் 20 தடவை அவன் வழக்கமாகச் செய்வது போலவே, துணி கட்டி, அட்டை கையில். அடுத்த 20 தடவை அதே துணி, அதே வெளிச்சம். ஆனால் அட்டையை அவன் தலைக்கு மேலே, பின்பக்கம் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். அட்டையை எடுப்பவர் வேறு அறையில் இருக்கட்டும். எடுத்து, முன்பக்கத்தை உங்களுக்குக் காட்டாமல் கொடுக்கட்டும். நீங்கள் அவன் சொல்வதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் அட்டையைத் திரும்பக் கலந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'சிவப்பு ஐந்தும் போய்விட்டது' என்று அவன் எண்ணிவிடுவான். சரியா தப்பா என்று நடுவில் சொல்லாதீர்கள். எண்ணிக்கையை முடிவில் பாருங்கள்.

நடுமூளைதான் பார்க்கிறது என்றால் அட்டை மூக்கின் கீழே இருந்தாலும் தலைக்கு மேலே இருந்தாலும் ஒன்றுதானே.


பிறை அம்மா
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதியம் செய்தோம். அவனிடம் குதிரைக் கதையைச் சொன்னேன். ஹான்ஸை யாராவது அடித்தார்களா என்று கேட்டான். இல்லை, அதைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவனே தாளை எடுத்துக் கோடு போட்டான். 9 அல்லது அதற்கு மேல் வந்தால் நிஜம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். என் அக்கா மகள் சமையலறையில் அட்டை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் 20இல் 18 சரி. தலைக்கு மேலே பிடித்த 20இல் 6 சரி. 6 அல்லது அதற்கு மேல் வருவது ஊகத்திலேயே நூற்றுக்கு 38 தடவை என்று அக்கா மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

தாளை அவன் நீண்ட நேரம் பார்த்தான். பிறகு சொன்னான், "அம்மா, கீழே கொஞ்சம் தெரியும். முதல் நாள் அங்கே சாரிடம் தெரிகிறது என்று சொன்னேன். அதுதான் சக்தி, வெளியே சொல்லாதே என்றார்." அவன் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான், பெரியவர் ஒருவர் அதற்கு வேறு பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார். அவனைக் கட்டிக்கொண்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

டீச்சர், பழைய மதிப்பெண்களையும் பார்த்தேன். 56, 60, 53, பிறகு அந்த 41. அந்தப் பரீட்சை வாரத்தில் என் மாமனார் மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.


கெப்போங் அப்பா
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.35

சகோதரி, படித்ததும் என் மகளை உட்கார வைத்துக் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். துணியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். இருபது நிமிடத்தை விடவில்லை. இந்த வாரம் முழுதும் பல்லாங்குழி. அவள் எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். என் மனைவி தனியாக இன்னொரு நோட்டில் எழுதுகிறாள், நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில்லை.


ஆயர் ஈத்தாம் டீச்சர்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.10

தங்கச்சி, மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். பேரனே அந்தத் தாளை எடுத்துக் காட்டட்டும். அவன் கோடு போட்டு, அவன் கையெழுத்துப் போட்டு, அவனே கண்டுபிடித்தது. பாட்டிக்குப் பெருமைப்பட அதில் இன்னும் விஷயம் இருக்கிறது.


பிறை அம்மா
திங்கட்கிழமை, மாலை 6.15

காட்டிவிட்டான் டீச்சர். பாட்டி முதலில் பேசவில்லை. பிறகு, "அப்போ இனி யாரைச் சோதிக்கப் போகிறாய்" என்று கேட்டார். அவனுக்குத் தேநீர்க் கதை நினைவிருக்கிறது. தாத்தா எப்போதும், ஒட்டுக்கடைத் தேதாரிக்கில் (ஆற்றிய பால் தேநீரில்) டின் பாலா, பால்மாவா என்று ஒரு வாயிலேயே சொல்லிவிடுவேன் என்பார். சனிக்கிழமை தாத்தாவுக்கு எட்டுக் கோப்பை வைக்கப் போகிறானாம். ஒரு சந்தேகம் மட்டும். ஊற்றி வைத்தால் முதல் கோப்பை ஆறிவிடுகிறது, சூட்டை வைத்தே தாத்தா கண்டுபிடித்துவிடுவார் என்கிறான். என்ன செய்யலாம்?


செந்தூல் வாசகன்
திங்கட்கிழமை, இரவு 7.05

எட்டையும் ஆற விடச் சொல்லுங்கள் அக்கா. எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் போதும். டின் பால் இனிப்பாக இருக்கும், பால்மாவுக்குச் சீனி போட்டு இனிப்பையும் சரிசமம் ஆக்க வேண்டும். நிறம் வேறுபட்டால் தாத்தாவின் கண்ணைக் கட்டிவிடச் சொல்லுங்கள், மூக்கோரம் இடைவெளி இல்லாமல். ஊற்றுபவரும் பரிமாறுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.